மாதக் கட்டணம் இல்லாமல் எச்.டி. டி.வி.: மதுரை வீட்டுக்கு ஏற்ற ஆன்டெனாவைத் தேர்ந்தெடுத்துப் பொருத்துவது எப்படி?

ஒத்தக்கடையில் இருக்கும் பெரியப்பா போன் செய்து, “எச்.டி. ஆன்டெனா வாங்கிட்டேன்ப்பா, முந்நூறு மைல் இழுக்குமாம். வந்து மாட்டிக் கொடு” என்றார். போய்ப் பார்த்தால் தட்டையாக, பரீட்சை அட்டை போல ஒன்று. சுவரில் ஒட்டினோம், ஜன்னலில் ஒட்டினோம், மாடிக்குக் கொண்டுபோனோம். ஒரு சேனலும் வரவில்லை. ஆன்டெனா பழுதில்லை. அது பிடிக்க வேண்டிய அலைதான் நம் ஊரில் இல்லை.

சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் என்று பல வீடுகளுக்கு மாட்டிக் கொடுத்ததில், தவறு பெரும்பாலும் வரிசையில்தான் நடக்கிறது என்று புரிந்தது. முதலில் ஆன்டெனாவை வாங்கிவிட்டு, பிறகு சேனலைத் தேடுகிறார்கள். அப்புறம் டி.வி.யில் அதற்கான துளை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கீழே உள்ள வரிசைப்படி போனால் ஒருமுறை வாங்கினால் போதும்.

1. எந்த அலை நம் ஊருக்கு வருகிறது?

பழைய மீன்முள் ஆன்டெனா, இணையத்தில் விற்கும் தட்டை ஆன்டெனா இரண்டும் தரைக் கோபுரத்திலிருந்து வரும் அலையைப் பிடிப்பவை. மதுரை மாடிகளில் இருந்த மீன்முள் ஆன்டெனாக்கள் கொடைக்கானல் கோபுரத்தைப் பார்த்துத்தான் நின்றன. அந்த அனலாக் ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் 2022 மார்ச்சுக்குள் நாடு முழுவதும் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் நிறுத்திவிட்டது. 2016இல் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு தொடங்கிய 16 நகரங்களில் சென்னை இருந்தது, மதுரை இல்லை.

வெளிநாட்டு வீடியோக்களில் தட்டை ஆன்டெனாவை ஜன்னலில் ஒட்டியதும் ஐம்பது சேனல் வருவது உண்மைதான். அங்கே ஊருக்கு ஊர் கோபுரம் இருக்கிறது. அதைப் பார்த்து இங்கே வாங்காதீர்கள்.

நமக்கு மிஞ்சுவது செயற்கைக்கோள். தூர்தர்ஷனின் டி.டி. ஃப்ரீ டிஷ், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கும் ஜிசாட்-15இலிருந்து வருகிறது. மாதக் கட்டணம் கிடையாது. குடையும் (டிஷ்) அதற்கான செட்டாப் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் சரி.

2. உங்களுக்கு வேண்டிய சேனலை எழுதுங்கள்

ஒரு தாளில் வீட்டில் உண்மையிலேயே பார்க்கும் சேனல்களை எழுதுங்கள். இந்த வேலையை யாரும் செய்வதில்லை. மாட்டி முடித்த பிறகு, “அந்த சீரியல் வரலையே” என்று அத்தை கேட்கும்போதுதான் ஞாபகம் வரும்.

ஃப்ரீ டிஷ்ஷில் டி.டி. தமிழ் வரும், தூர்தர்ஷனின் மற்ற சேனல்களும் வரும். தனியார் சேனல்களுக்கு, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி இடத்தை ஏலம் விடுகிறது. எடுப்பவர்களில் பெரும்பான்மை இந்திச் சேனல்கள். ஏலத்துக்கு ஏலம் பட்டியல் மாறும், அதனால் அன்றைய பட்டியலைத் தூர்தர்ஷன் தளத்தில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எச்.டி. பற்றியும் இங்கேயே ஒரு வார்த்தை. பட்டியலில் பெரும்பாலானவை சாதாரணத் தரம்தான். தூர்தர்ஷனின் சில சேனல்கள் மட்டுமே எச்.டி.யில் வருகின்றன. விளையாட்டும் செய்தியும் தெளிவாகப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. தமிழ் சீரியலும் புதுப்படமும்தான் முக்கியம் என்றால், கேபிள் இணைப்பைத் துண்டிக்கும் முன் வீட்டாரிடம் பேசிவிடுங்கள்.

தமிழ்த் தனியார் சேனல்களுக்காக சி-பேண்ட் என்ற வேறு அலைவரிசையைப் பிடிக்கும் 6 அடி வலைக்குடை வைப்பவர்களும் இருக்கிறார்கள். அதற்கு வேறு எல்.என்.பி. (குடையின் முன் நின்று அலையை வாங்கும் சின்னக் கருவி), வேறு செயற்கைக்கோள், கனமான கம்பம் எல்லாம் வேண்டும். இலவசமாக வரும் சேனல் ஒருநாள் சொல்லாமல் பூட்டிக்கொள்ளும். போதாததற்கு 5ஜி அலைவரிசை 3.3 முதல் 3.67 கிகாஹெர்ட்ஸ் வரை வந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. செல்போன் கோபுரம் அருகில் இருந்தால் தனி வடிகட்டி போட வேண்டியிருக்கும். முதல்முறை செய்பவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை. இனி இங்கே சொல்வதெல்லாம் சின்னக் குடைக்குத்தான்.

3. வானம் தெரிகிறதா என்று பாருங்கள்

குடைக்கும் செயற்கைக்கோளுக்கும் நடுவில் ஒரு தென்னங்கீற்று இருந்தாலும் படம் உடையும். அதனால் வாங்குவதற்கு முன்பே மாடிக்கு ஏறி இடத்தைப் பார்க்க வேண்டும்.

மதுரையிலிருந்து ஜிசாட்-15 இருக்கும் திசை, வடக்கிலிருந்து வலமாக 122 டிகிரி. அதாவது நேர்க்கிழக்கிலிருந்து தெற்குப் பக்கம் 32 டிகிரி. மனதில் நிறுத்த ஒரு வழி: ஏறக்குறைய ராமேஸ்வரம் இருக்கும் திசை அது. கொடைக்கானல் மலைக்கு முதுகைக் காட்டி நின்றாலும் கிட்டத்தட்ட அதே பக்கம்தான் பார்ப்பீர்கள். அந்தக் காலத்து ஆன்டெனா பார்த்த பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் என்று மூத்தவர்களிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

வானில் அதன் உயரம், தொடுவானத்திலிருந்து 68 டிகிரிக்குச் சற்று மேல். தலையை நன்றாக அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரம் இது. புதிதாகச் செய்பவர்கள் தொலைவில் தெரியும் கட்டடங்களைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், அவை பெரும்பாலும் தொந்தரவே இல்லை. கணக்கு எளிது. குடையைவிடச் சுவர் 10 அடி உயரமாக இருந்தால், அதிலிருந்து 4 அடி தள்ளி வைத்தால் போதும். 20 அடி உயரமானால் 8 அடி. அலை குடையின் முழு முகத்திலும் விழ வேண்டும், அதனால் இதற்கு மேல் ஓரடி இரண்டடி சேர்த்துக்கொள்ளுங்கள். மாசி வீதிகளுக்குள் நெருக்கியடித்து நிற்கும் வீடுகளில்கூடப் பாதிக்கு மேல் இது கிடைத்துவிடும். தண்ணீர்த் தொட்டிக்கு மேல் ஏற வேண்டிய அவசியமே இல்லை.

மரம் இருந்தால் இன்னொரு சோதனை. மார்ச் 16ஐ ஒட்டிய நாட்களில் காலை பதினொன்றே காலுக்கும், செப்டம்பர் 27ஐ ஒட்டிய நாட்களில் பதினொரு மணி வாக்கிலும் சூரியன் செயற்கைக்கோள் இருக்கும் அதே இடத்தில் நிற்கும். அந்த நேரத்தில் நீங்கள் குறித்த இடத்தில் நிழல் விழுகிறதா என்று பாருங்கள். வெயில் பட்டால் அலையும் படும். மற்ற மாதங்களில் செல்போன் திசைகாட்டியையும் கோணம் காட்டும் செயலியையும் நம்பலாம். தென்னை வருடாவருடம் வளரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

4. டி.வி.யின் முதுகைத் திருப்பிப் பாருங்கள்

இப்போது வரும் எல்.இ.டி. டி.வி.க்களில் சிலவற்றில் செட்டாப் பெட்டியின் வேலையைச் செய்யும் செயற்கைக்கோள் ட்யூனர் உள்ளேயே இருக்கிறது. அப்படியிருந்தால் பெட்டியே வேண்டாம். பின்புறம் வயர் செருகும் உருண்டையான துளை ஒன்றா இரண்டா என்று பாருங்கள். வழவழப்பாக, அப்படியே செருகுவது கேபிளுக்கானது. மரை போட்டு, திருகி மாட்டுவது போல இருந்தால், பக்கத்தில் ‘சாட்டிலைட்’ என்றும் 13/18 வோல்ட் என்றும் அச்சிட்டிருந்தால், அதுதான் நமக்கு வேண்டியது. இரண்டையும் மாற்றி மாட்டிவிட்டு ஒரு மணி நேரம் தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இல்லையென்றால் செட்டாப் பாக்ஸ் வாங்க வேண்டும். இங்கேதான் நான் ஏமாந்தேன். ஒரு கடையில் “எச்.டி. பாக்ஸ்” என்று கொடுத்ததில் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தது, அவ்வளவுதான். உள்ளே எம்பெக்-2 என்ற பழைய பட முறையை மட்டும் படிக்கும் சிப். எச்.டி.எம்.ஐ. வயர் போட்டால் படம் எச்.டி. ஆகிவிடாது. பெட்டியின் மேல் எச்.டி.க்கு வேண்டிய புதிய முறைகளான எம்பெக்-4, டி.வி.பி-எஸ்2 இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எச்.டி. சேனல்கள் பட்டியலுக்கே வராது, அல்லது குரல் வந்து படம் வராது.

5. இப்போது குடையை வாங்குங்கள்

மதுரைக்கு 60 சென்டிமீட்டர் போதும். 90 சென்டிமீட்டர் குடையின் பரப்பு அதைப்போல இரண்டேகால் மடங்கு, அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். ஃப்ரீ டிஷ் வரும் கு-பேண்ட் அலையை மழைத்துளி விழுங்கிவிடும் என்பதால் கொட்டும் மழையில் இரண்டுமே சற்று நேரம் போகத்தான் செய்யும். பெரிய குடையில் இரண்டு சிரமம். காற்றுக்கு அதிகமாக ஆடும். அலையைப் பிடிக்கும் கோணமும் குறுகல்: சின்னக் குடைக்கு ஏறக்குறைய மூன்று டிகிரி, பெரியதற்கு இரண்டு. முதல்முறை திசை பிடிப்பவருக்கு அந்த ஒரு டிகிரி பெரிய விஷயம். சின்னதையே வாங்குங்கள்.

எல்.என்.பி.யின் மேல் 9750/10600 என்று இருக்க வேண்டும். யுனிவர்சல் என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒரே டி.வி. என்றால் ஒற்றை வாய், இரண்டு டி.வி. என்றால் இரட்டை வாய். இரண்டாவது டி.வி.க்கு வயரைப் பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு பெட்டி கேட்கும் மின்னழுத்தம் இன்னொன்றுக்குப் பொருந்தாமல் இரண்டும் இழுபறி செய்யும்.

மாடியில் பழைய கட்டண டி.டி.எச். குடை சும்மா கிடந்தால் அதையே திருப்பிப் பயன்படுத்தலாம். முகம் நெளியாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நிமிர்த்தி வைத்து ஓரத்தின் குறுக்கே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் நெளிவு தெரிந்துவிடும். எல்.என்.பி.யை மட்டும் புதிதாகப் போடுங்கள், வெயிலில் அதன் முகமூடி நொறுங்கியிருக்கும்.

6. வயரும் கனெக்டரும்

ஆர்.ஜி-6 வயர், ஒரே நீளமாக, நடுவில் ஒட்டு இல்லாமல். இருபது மீட்டருக்குள் முடிந்தால் நல்லது. பழைய கேபிள் டி.வி. வயர் சுவருக்குள் ஏற்கெனவே போகிறது என்று அதில் இணைப்பவர்கள் பிறகு வருத்தப்படுகிறார்கள்.

பழுதுகளில் பாதி இந்த நுனியில்தான். வெளித்தோலை ஒன்றரை சென்டிமீட்டருக்கு உரியுங்கள். உள்ளே இருக்கும் பின்னல் கம்பிகளைப் பின்பக்கமாக மடித்து வழியுங்கள். வெள்ளை நுரையை முக்கால் சென்டிமீட்டருக்கு வெட்டி, நடுக்கம்பி கீறல் படாமல் நிற்கும்படி பாருங்கள். கனெக்டரைத் திருகியதும் நடுக்கம்பி அதன் விளிம்புக்கு வெளியே ஓரிரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இப்போது வெளிச்சத்துக்குத் திருப்பி உள்ளே எட்டிப் பாருங்கள். பின்னலிலிருந்து முடி அளவு கம்பி ஒன்று நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட். பெட்டி இந்த வயர் வழியாக மின்சாரம் அனுப்புகிறது, ஷார்ட் ஆனால் பெட்டியே போய்விடும். அதனால்தான் எப்போது கனெக்டரைக் கழற்றினாலும் மாட்டினாலும் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்யச் சொல்கிறேன்.

7. கம்பத்தை நேராக நிறுத்துங்கள்

ஜி.ஐ. பைப்பைக் கைப்பிடிச்சுவரில் அல்லது தரையில் ஆங்கர் போல்ட் போட்டு நிறுத்துங்கள். செங்கல்லில் போட்டால் ஆடும், கான்கிரீட்டில் போடுங்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டை இரண்டு பக்கத்திலும் தொங்கவிட்டு, பைப் செங்குத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் பிராக்கெட்டில் எழுதியிருக்கும் கோண அளவு பொய்யாகிவிடும். அப்புறம் திசையைத் திருப்பும்போதெல்லாம் உயரமும் சேர்ந்து மாறும், பிடிக்கவே முடியாது.

மின்கம்பி அருகில் போகும் பக்கம் வேண்டவே வேண்டாம். கம்பத்துக்கு எர்த் கொடுத்துவிடுங்கள்.

8. திசை பிடிப்பது

பெட்டியையும் ஒரு சின்ன டி.வி.யையும் மாடிக்கே கொண்டுபோங்கள். கீழே ஒருவர், மேலே ஒருவர் நின்று “வருதா?” “இல்லண்ணே” என்று கத்துவதைவிட இது எவ்வளவோ மேல். பெட்டியின் அமைப்பில் எல்.என்.பி. யுனிவர்சல் என்று வைத்து, அலைவரிசை 11090 அல்லது 11170, வெர்டிக்கல், சிம்பல் ரேட் 29500 என்று தேர்ந்து, சிக்னல் பக்கத்தைத் திறந்து வையுங்கள்.

முதலில் உயரம். பிராக்கெட்டில் அளவுகோல் இருந்தால் 68இல் வையுங்கள். வைத்ததும் குடையைப் பார்த்தால் சந்தேகம் வரும். அது 45 டிகிரிதான் அண்ணாந்திருப்பது போலத் தெரியும். இந்த வகைக் குடையில் எல்.என்.பி. கீழே தள்ளி நிற்பதால், முகம் பார்ப்பதைவிட 22 முதல் 26 டிகிரி மேலிருந்து வரும் அலையை அது வாங்குகிறது. இது தெரியாமல் என் முதல் குடையின் முகத்தை வானத்தைப் பார்த்து 68 டிகிரிக்கு மல்லாத்தி வைத்து இரண்டு சாயங்காலம் வீணாக்கினேன். அளவுகோல் இல்லாத பிராக்கெட் என்றால், செல்போனைக் குடையின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் குறுக்கே வைத்த ஒரு பட்டையின் மேல் வைத்து, செங்குத்திலிருந்து 45 டிகிரி சாய்வில் தொடங்குங்கள்.

அடுத்து எல்.என்.பி.யின் முறுக்கு. இதை யாரும் சொல்வதில்லை. வடநாட்டு வீடியோவில் காட்டுவது போலவே வைத்தால் இங்கே சரிவராது. தில்லியில் திசை 149, உயரம் 52. முறுக்கோ நமக்கும் அவர்களுக்கும் ஏறக்குறைய 30 டிகிரி வித்தியாசம். நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் அலை நமக்கு அவ்வளவு சாய்ந்து வந்து சேர்கிறது. குடைக்குப் பின்னால், செயற்கைக்கோளைப் பார்த்து நின்றால், எல்.என்.பி.யை நேர்நிலையிலிருந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் 55 டிகிரி வாக்கில் திருப்பித் தொடங்குங்கள். கடைசி அளவைத் திரையில் தெரியும் சிக்னல் கோடு சொல்லும்.

பிறகு திசை. திசைகாட்டியை இரும்புக் கம்பத்தின் பக்கத்தில் வைத்தால் அது கம்பத்தைத்தான் காட்டும். நாலடி தள்ளி நின்று 122 டிகிரியில் தூரத்து மரம், கோபுரம் என ஏதாவது ஒன்றைக் குறித்துக்கொண்டு, குடையை அதை நோக்கித் திருப்புங்கள். மேலூர், உசிலம்பட்டி, விருதுநகர் பக்கமானாலும் ஓரிரு டிகிரிதான் மாறும்.

இனி மெதுவாக. 60 சென்டிமீட்டர் குடையின் விளிம்பு அரை சென்டிமீட்டர் நகர்ந்தால் ஒரு டிகிரி. அவ்வளவு நகர்த்திவிட்டு மூன்று நான்கு வினாடி கையை எடுத்துவிடுங்கள், பெட்டி பிடிக்க அவ்வளவு நேரம் ஆகும். ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போய்ப் பார்த்தும் வரவில்லையென்றால் உயரத்தை ஒரு டிகிரி மாற்றி மறுபடி போங்கள். வேகமாகத் திருப்புபவர்கள் செயற்கைக்கோளைப் பலமுறை கடந்து போய்விட்டு, “சிக்னலே இல்லை” என்பார்கள்.

திரையில் இரண்டு கோடு இருக்கும். ‘ஸ்ட்ரென்த்’ என்பது எல்.என்.பி.க்குக் கரண்ட் போகிறது, வயர் சரி என்பதற்கு மேல் பெரிதாக எதுவும் சொல்லாது. குடை சுவரைப் பார்த்தாலும் அது எழுபது எண்பது காட்டும். ‘குவாலிட்டி’ கோடுதான் உண்மை. அது பூஜ்யத்திலிருந்து திடீரென்று எழும்பும். எழும்பியதும் திசை, உயரம், எல்.என்.பி. முறுக்கு என்று ஒவ்வொன்றாகத் தொட்டு, மேலும் கூடுகிறதா என்று பாருங்கள்.

ஒன்று ஜாக்கிரதை. வேறு செயற்கைக்கோளில் இதே அலைவரிசை எண் இருந்தாலும் குவாலிட்டி எழும்பலாம். சேனல் தேடிப் பார்த்து டி.டி. தமிழ் வந்தால் சரியான இடம்.

9. இறுக்குவதும் மூடுவதும்

நட்டுகளை ஒன்று மாற்றி ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கம் முழுதாக இறுக்கினால் குடை அரை டிகிரி இழுபட்டுவிடும், அதனால் இறுக்கும்போதும் கண் குவாலிட்டி கோட்டில் இருக்கட்டும். முடிந்ததும் கம்பத்திலும் பிராக்கெட்டிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். பின்னாளில் நகர்ந்தால் கோடு விலகியிருப்பது தெரியும், பழைய இடத்துக்குத் திருப்பிவிடலாம்.

கனெக்டரில் தண்ணீர் இறங்காதபடி ரப்பர் டேப் சுற்றுங்கள். எல்.என்.பி.க்குக் கீழே வயரை ஒரு தொங்கல் விட்டு மேலே எடுத்தால் மழைநீர் தொங்கலில் சொட்டிவிடும், வீட்டுக்குள் போகாது.

10. பிறகு படம் போனால்

மழை விட்ட பிறகும் வரவில்லையென்றால் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே பச்சை பூத்திருக்கும். நுனியை வெட்டிப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும். சில சேனல்கள் மட்டும் காணவில்லையென்றால் குடையைத் தொடாதீர்கள், மறுபடி சேனல் தேடுங்கள். அலைவரிசையை அவர்கள் மாற்றியிருப்பார்கள். மார்ச், செப்டம்பரில் முன்பு சொன்ன நாட்களில் பதினொரு மணியளவில் சில நிமிடம் படம் போவது சூரியன் நேர்பின்னால் வருவதால், தானாகத் திரும்பிவிடும்.

அழகர்கோவில், திருப்பரங்குன்றம் பக்கத்து வீடுகளில் இன்னொரு காரணம் உண்டு. குரங்கு எல்.என்.பி. கையைப் பிடித்துத் தொங்கும். அங்கே நான் கைக்கும் குடையின் கீழ் விளிம்புக்கும் சேர்த்து ஒரு தடித்த கம்பி கட்டிவிடுகிறேன், வயரைப் பைப்புக்குள் விட்டுக் கொண்டுவருகிறேன். அப்படியும் மாதம் ஒருமுறை பெயின்ட் கோட்டை எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.